பதினேழாம் தலைப்பு

ஜனவரி 13, திங்கள்

மூன்றாவது முறையாகவும் என்னையே தொகுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். ஹென்ரிக் காலையிலேயே போனில் சொன்னான். டென்மார்க்காரன், எங்கள் குழுவின் தலைவன், சிரித்துக்கொண்டே வேலை வாங்குவதில் மன்னன். வேண்டாம் என்கிற மாதிரி இரண்டு நிமிடம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

வேலை இதுதான். தகவல் தொழில்நுட்பத்தில் எந்தெந்த ஆராய்ச்சிக்கு ஐரோப்பாவின் பொதுப் பணத்தைக் கொடுக்கலாம் என்று அடுத்த இரண்டு வருடத்துக்கு முன்னுரிமைப் பட்டியல் போட வேண்டும். வந்திருப்பவை முப்பத்தொரு தலைப்புகள். இடம் இருபதுக்குத்தான். பன்னிரண்டு நிபுணர்கள் உட்கார்ந்து பேசித் தள்ள வேண்டியதைத் தள்ளுவோம். பேசியதை எல்லோரும் ஏற்கும் ஒரே வாசகமாக எழுதித் தருவது தொகுப்பாளரின் பொறுப்பு. மார்ச் பதினான்குக்குள் முடிய வேண்டும்.

போன தடவையின் கூட்டக் குறிப்பைப் புரட்டினேன். வேறு யாரோ எழுதிய பக்கங்களில் பதினோரு பிழைகள். நான்கு தேதிகள் தப்பு. சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்து திருத்தி ஹென்ரிக்குக்கு அனுப்பினேன். முடிந்துபோன கூட்டம்தானே, யார் படிக்கப்போகிறார்கள் என்றான். எழுத்தில் ஒரு தப்பு இருக்கிறது என்று தெரிந்தபின் என்னால் சும்மா இருக்க முடியாது. அது வியாதி என்றால் வியாதியாகவே இருக்கட்டும்.

நாளைக்குப் பொங்கல். வடக்கு ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடையிலிருந்து ஆவுடை கரும்பு வாங்கி வந்தாள். உள்ளே சிவந்துபோன கரும்பு. பார்த்து வாங்கத் தெரியாதா என்று கொஞ்சம் சத்தம் போட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பானை சுவரில் பட்டது. சுவரைத் துடைக்க மூன்று முறை சோப்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. வெல்லம் லேசில் போகாது.

ஜனவரி 16, வியாழன்

முதல் கூட்டம். ஷூமன் ரவுண்டானாப் பக்கத்துக் கட்டிடம், ஐந்தாம் மாடி, வழக்கம்போலக் கழுநீர்க் காப்பி. மதியத்துக்குள் பத்தொன்பது தலைப்புகளுக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். இருபதாவது இடத்துக்கு இரண்டு தலைப்புகள் போட்டி போடுகின்றன. ஒன்று நான் முன்மொழிந்தது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப். அதற்காக எட்டு வருடம் உழைத்திருக்கிறேன். இன்னொன்று பதினேழாம் தலைப்பு.

அதை முன்மொழிந்தவள் டெல்ஃபினா, போர்ச்சுகல்காரி. டாக்டராக இருந்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவள். அறுபது வயதிருக்கும், குரலே எழும்பாது. வீட்டுக்குள் அடி வாங்குகிறவர்கள் தங்கள் போனில் ஒரு மென்பொருளைப் போட்டுக்கொள்வார்களாம். அது சும்மா கேட்டுக்கொண்டிருக்குமாம். வார்த்தையை அல்ல, குரலின் ஏற்றம், மூச்சு, விழும் சத்தம், பிறகு வரும் அமைதி. ஆபத்து என்று பட்டால் அதுவாகவே போலீஸைக் கூப்பிடுமாம்.

நான் விடவில்லை. மேஜையில் தட்டு விழுந்தால் போலீஸ் வருமா என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் நாலு பாத்திரம் உரசத்தான் செய்யும், உரசலுக்கெல்லாம் காது வைத்தால் வீடு எதற்கு, கதவு எதற்கு என்று கேட்டேன். அந்தரங்கம் பற்றிய சட்டங்களை வரிசையாகச் சொன்னேன். ஹென்ரிக் கடிகாரத்தைப் பார்த்தான். மற்ற தலைப்புகளுக்கெல்லாம் நான்கு நிமிடம் பேசிய நீங்கள் இதற்கு நாற்பது நிமிடம் பேசிவிட்டீர்கள் என்றாள் டெல்ஃபினா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு வீடு வரை என்கூடவே வந்தது.

ஜனவரி 18, சனி

கூட்டத்தில் பேசப்போவதை முதலில் ஆவுடையிடம் தமிழில் பேசிப் பார்ப்பது என் பழக்கம். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நேர்முகத் தேர்வு நடந்த காலத்திலிருந்து இப்படித்தான். தமிழில் சரியாக விழுந்துவிட்டால் இங்கிலீஷில் தானாக வரும். அவள் அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து உள்ளி உரிப்பாள், நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பேசுவேன். மாமன் மகள் என்று நான் கட்டிக்கொண்டவள்; பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்கே விளங்கிவிட்டால் யாருக்கும் விளங்கும் என்பது என் கணக்கு.

இன்று பதினேழை முழுக்க விளக்கினேன். எதிரியின் பலத்தைச் சொன்னால்தானே அடிக்கிற இடம் தெரியும். முதல் கட்டத்தில் போன் வெறுமனே பதிவு செய்யும், பிறகு போன்காரி சம்மதித்தால் ஆளைக் கூப்பிடும் என்றேன். சின்ன அளவில் சோதனையே தொடங்கிவிட்டார்கள், அதுவும் எங்கே, நம் வீட்டிலிருந்து இரண்டு ட்ராம் நிறுத்தம் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில். சமூக சேவகியின் அறைக்குப் போய்க் கேட்டால் போதும், பேர்கூடக் கேட்காமல் போனில் ஏற்றிக் கொடுக்கிறார்கள், எவ்வளவு பொறுப்பில்லாத காரியம் பார் என்றேன்.

வழக்கமாக வாயைத் திறக்காதவள் இன்று இரண்டு கேள்வி கேட்டாள்.

"சார்ஜ் தீந்துபோச்சுன்னா என்ன செய்யும் அத்தான்?"

சிரித்துவிட்டேன். அதுவும் ஒரு நல்ல ஆட்சேபம்தான் என்று குறித்துக்கொண்டேன்.

"யாரு போய்க் கேட்டாலும் குடுத்துருவாங்களா?"

"அதுதான் ஏட்டி நான் தலையில அடிச்சுக்கிடுதேன்" என்றேன். அவள் உள்ளியை உரித்து முடித்துவிட்டு எழுந்தாள். சாம்பார் இன்று நன்றாக இருந்தது. சொல்லவும் செய்தேன்.

ஜனவரி 25, சனி

கழுத்துச் சங்கிலி அறுந்தது. இந்த ஊரில் பத்தருக்கு எங்கே போவது?

பிப்ரவரி 4, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். டெல்ஃபினா எண்களோடு வந்திருந்தாள். சோதனையில் நூறு தடவை எச்சரித்ததில் தொண்ணூற்றொரு தடவை உண்மையாகவே ஆபத்து இருந்ததாம். நான் அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது குடும்பத்தின் மானத்தை யார் திருப்பிக் கொடுப்பது என்றேன். செக் நாட்டு வக்கீல் ஒருவர் குழுவில் இருக்கிறார், நல்ல மனிதர், போன தடவை என் பக்கம் நின்றவர். அந்தத் தொண்ணூற்றொன்றைப் பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாமே என்றார். மதியத்துக்குள் மூன்று பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எட்டு வருட உழைப்பு என் கண் முன்னால் நழுவுகிறது.

ஐந்தரைக்கு வீடு வந்தேன். ஆவுடை கதவைத் திறக்க நேரமாயிற்று. குளித்துக்கொண்டிருந்தாளாம். பேச்சு பேச்சாக இருக்கும்போதே அவள் அடுப்படி நிலையருகில் விழுந்தாள். வலது மணிக்கட்டு.

பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம். எலும்பில் வெறும் கீறல் இல்லை, முறிவே என்று படத்தைக் காட்டினார்கள். கட்டுப் போடும்போது என்னை வெளியே உட்காரச் சொன்னாள் நர்ஸ். பாஷை தெரியாதவள், நான் கூட இருக்கிறேன் என்றேன். பக்கத்து வார்டில் இந்திக்காரி ஒருத்தி இருக்கிறாள், சமாளித்துக்கொள்வோம் என்றாள். ஆவுடைக்கு இந்தியும் தெரியாதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். நாற்பது நிமிடம். அப்படி என்னதான் பேசினார்கள் என்று வரும் வழியில் கேட்டேன். வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன் என்றாள்.

ராத்திரிச் சமையல் நான்தான். ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன், அவளுக்கு ஊட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அம்மா சும்மா சொல்லவில்லை. அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. இவளை விட்டால் இந்தக் குளிர்தேசத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டார்கள். ரவுண்டானாவில் டயர் எரிகிறது, கறுப்புப் புகை. ஒருவன் பீர் பாட்டிலைப் போலீஸ்காரரின் முகத்தில் எறிந்தான். என் கண்ணெதிரே அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பதிலுக்கு நான்கு போலீஸார் அவனைக் கீழே தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். அவன் பல் ஒன்று தார்ரோட்டில் கிடந்தது. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

நியாயம் இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டியதுதானே. பேசித் தீர்க்கத் தெரியாதவன்தான் கையை ஓங்குவான். ஆவுடையிடமும் இதைச் சொன்னேன். அவள் இடது கையால் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசை வட்டமாக வரவில்லை, பரவாயில்லை என்று சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

அடுத்த கூட்டத்துக்கு ஒத்திகை. என்னிடம் புதிய ஆட்சேபம் எதுவும் இல்லை. ஏற்கெனவே சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே சலித்தது. அப்போது ஆவுடை, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்த மிஷினுக்கு நம்ம ஊர்ப் பேச்சு வெளங்குமா அத்தான்?"

"ஃபிரெஞ்சு, டச்சு, ஜெர்மன்னு அஞ்சு பாஷையிலதான் பழக்கியிருக்கான். திருநெவேலித் தமிழ் அதுக்கு எங்க வெளங்க?" என்றேன்.

சொல்லி முடித்த மறு நொடியே தலைக்குள் மணி அடித்தது. ஆட்சேபம் கிடைத்துவிட்டது! ஐரோப்பாவில் எத்தனை நூறு பாஷை பேசுகிறவர்கள் குடியிருக்கிறார்கள்? பழக்காத பாஷையில் இது வேலை செய்யுமா? செய்யாவிட்டால் பொதுப் பணத்தில் பாதிப் பேருக்கு மட்டும் பாதுகாப்பா? யாரும் எதிர்த்துப் பேச முடியாத கேள்வி.

முக்காலியோடு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போல இருந்தது. கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்க் கம்பளிச் சால்வை வாங்கிக் கொடுத்தேன், மாம்பழ நிறம். அவளுக்கு இந்தத் தலைப்பில் ஏதோ ஈடுபாடு வந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி இப்போதுதான் கேட்கிறாள். சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடித்தேன் சிக்சர். பழக்காத பாஷை ஒன்றில், நிஜ வீட்டில் பதிவான ஒரு சம்பவம் வேண்டும், எல்லோர் முன்னாலும் அதை ஓடவிட வேண்டும், இயந்திரம் ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டால் என் சிப்பை நானே விலக்கிக்கொள்கிறேன் என்றேன். ஹென்ரிக் இதைக் குறிப்பில் ஏற்றவா என்று கேட்டான். ஏற்றுவதே நான்தானே, ஏற்றிவிட்டேன் என்றேன்.

டெல்ஃபினா யோசிக்கவே இல்லை, சரி என்றாள். சோதனையை நடத்தும் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கேட்டு, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு வாங்கி வருகிறேன் என்றாள். நுணலும் தன் வாயால் கெடும். மூன்று வாரத்தில் அப்படி ஒரு பதிவு எங்கிருந்து கிடைக்கும்?

பிப்ரவரி 23, ஞாயிறு

மாமா ஊரிலிருந்து போன் செய்திருக்கிறார். அதாவது ஆவுடையின் அப்பா. கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் பேசியிருக்கிறாள். என்ன பேச்சு என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லாததற்கு இருபது நிமிடமா? அது என் பொறுமையின் எல்லை. ஐந்து வாரமாகப் பதினேழு, பதினேழு என்று தலைக்குள் உலக்கை இடிக்கிறது, வீட்டுக்குள்ளும் ரகசியம் என்றால் மனிதன் என்ன செய்வான்? எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. குக்கர் நான்கு விசில் அடித்தும் யாரும் அணைக்கவில்லை. பருப்பு தீய்ந்தது.

அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இரண்டு நாளுக்கு அந்தச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொள் என்றேன்.

கொஞ்ச நாளாகவே போனைச் சார்ஜில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல்தான் வைக்கிறாள். ஏன் என்று கேட்டால் கை உடைந்திருக்கிறது, தூக்க முடியவில்லை என்கிறாள்.

மார்ச் 3, திங்கள்

பத்தொன்பது தலைப்புகளின் வாசகமும் முடிந்தது. இருபதாம் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. துணி துவைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

டெல்ஃபினாவின் மின்னஞ்சல். பதிவு கிடைத்துவிட்டதாம். ஆளைக் காட்டிக் கொடுக்காதபடி குரல்களை மாற்றியிருக்கிறார்களாம். என்ன பாஷை என்று அவளுக்கே தெரியவில்லையாம். கொடுத்தவரின் பேரையோ ஊரையோ கேட்பதில்லை என்பது அவர்கள் விதி. பதின்மூன்றாம் தேதி கூட்டத்தில் ஓடவிடுவாள்.

தெரியாத பாஷையை வைத்துக்கொண்டு என்ன நிரூபிக்கப்போகிறாள்? அங்கே நடந்தது அடிதடியா, நாடக ஒத்திகையா என்று எவனுக்குத் தெரியும்? பதில் தயாராக இருக்கிறது. ஆவுடையிடம் பேசிப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கட்டு அவிழ்த்த கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 13, வியாழன்

ட்ராம் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி நான்கு. இரண்டு ட்ராமை விட்டுவிட்டேன்.

காலையில் முதல் வேலையாக அதைத்தான் எடுத்தார்கள். சுவரில் ஒரு கோடு ஓடும், சாதாரணமாகப் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு. நான் குறிப்பெழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

முதலில் அடுப்படிச் சத்தம். தண்ணீர், பாத்திரம். பிறகு ஓர் ஆண். குரலைத் தகரம் போல மாற்றியிருந்தார்கள். மாற்றி என்ன? பேச்சை மாற்ற முடியுமா? கதவச் சாத்திக்கிட்டு உங்கப்பன்கிட்ட என்னட்டி பேச்சு என்றது அந்தக் குரல். பதினொன்றாவது நொடியில் கோடு சிவந்தது. அப்போது இன்னும் யாரும் யாரையும் தொடவே இல்லை. அதற்குப் பிறகு முக்காலி விழுந்தது. ஆண் குரல் ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னது, பதினேழு, பதினேழு என்று. நிறுத்தாமல், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சத்தத்தோடு. பெண் குரல் அத்தான், மூச்சு முட்டுது அத்தான், கழுத்த விடுங்க என்றது. பிறகு அந்தக் குரல் வரவில்லை. குக்கர் மட்டும் விசிலடித்தது. நான்கு.

அறையில் பன்னிரண்டு பேர். செக் வக்கீல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை, எல்லோருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. நாடக ஒத்திகை என்று சொல்வதற்காக வைத்திருந்த காகிதம் என் முன்னால் கிடந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஹென்ரிக் என் பக்கம் திரும்பி, உங்கள் நாட்டுப் பக்கத்துப் பாஷை போல இருக்கிறதே, தெரிகிறதா என்று கேட்டான். எங்கள் நாட்டில் எத்தனையோ பாஷை, இது தெரியவில்லை என்றேன். டெல்ஃபினா தலையைக் குனிந்து தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் உயிரோடுதான் இருக்கிறாள், அவளாகவே வந்து இதைக் கொடுத்தாள் என்று மட்டும் சொன்னாள்.

பதினேழு இருபதாம் இடத்துக்கு வந்துவிட்டது. நானும் கை தூக்கினேன். குறிப்பில் என் வாக்கு இருக்கிறதே.

உள்ளே என்னவோ கொதிக்கிறது. பயமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. சோறு போட்டு, வீடு கொடுத்து, பத்தொன்பது வருடம் வைத்திருந்த வீட்டுக்குள் என் பேச்சையே திருடிப் போய் என் சபையில் ஓடவிட்டிருக்கிறாள். என்னைப் பதினோரு பேர் முன்னால் நிர்வாணமாக நிறுத்தியிருக்கிறாள். கேட்க வேண்டும். கேள்வி மட்டும்தான் கேட்கப்போகிறேன்.

அடுத்த ட்ராம் வருகிறது.

மார்ச் 15, சனி

இது ஓட்டல் அறையின் கடிதத்தாள். நோட்டு என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் போனேன். ஆவுடை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்து போனை எடுத்து அவள் முன்னால் போட்டேன். நீயா என்று கேட்டேன். பொய் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கு அது அப்படியே போயிருக்கும்.

"ஆமா அத்தான், நான்தான். அடுத்த தடவை நான் எந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் போனேன்."

கையில் மடித்த துணியோடு நின்று சொன்னாள். குரலில் நடுக்கம்கூட இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கிளப்பிவிட்டது. அதற்குப் பிறகு முக்காலி இருந்தது, சுவர் இருந்தது, என் கால் இருந்தது. போனையும் மிதித்தேன், ஆனால் அது அதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டிருக்கிறது. நீயா என்று நான் கேட்ட குரலிலேயே கூப்பிட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஒன்பது நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது. நாற்பது நிமிடத்துக்குக் குறையாது என்று என் ஆட்சேபத்தில் எழுதியிருந்தேன். அது தப்பு.

பூட்டை உடைத்து உள்ளே வந்த இருவர் என்னைத் தரையில் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தார்கள். என் கன்னம் தரையில் அழுந்தியபோது ஆவுடையின் முகம் ஒரு முழம் தள்ளி இருந்தது. கண் திறந்திருந்தது. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விட்டாள்.

விலா எலும்பு மூன்று, தாடை ஒன்று. பிழைத்துவிட்டாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்களாம். இனிமேலும் சொல்ல மாட்டார்களாம். விசாரணை முடிந்ததும், வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னை வெளியே விட்டார்கள்.

நேற்று மத்தியானம் விசாரணை. ஒரு பெண் அதிகாரி, எனக்கென்று ஒரு இளம் வக்கீல், மொழிபெயர்க்க மரியநாயகம் என்கிற யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஆவுடை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கொடுத்த வாக்குமூலத்தை அவர்தான் தமிழில் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார். இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். இந்த ஊர்த் தமிழர்களுக்குள் இதை முதலில் அறிந்தவர் அவர். அந்த அறையில் அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"இதில பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. மணிக்கட்டு முறிந்தது பிப்ரவரி ஒன்பது என்று இருந்தது. நான்காம் தேதி என்றேன். வக்கீல் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். கழுத்தை நெரித்தது ஒரு தடவை என்று சொல்லியிருந்தாள். அதுவும் சரியில்லை, இரண்டு தடவை, ஜனவரி இருபத்தைந்து, பிப்ரவரி இருபத்துமூன்று. அந்த முதல் தடவையை அவள் எப்படி மறந்தாள்? ஞாபகத்திலிருந்து சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டாள். இல்லை, என் பையில் நோட்டு இருக்கிறது, தேதி போட்டு எழுதியிருக்கிறேன், பார்த்தே சொல்கிறேன் என்றேன். வக்கீல் எழுந்து நின்றேவிட்டான். பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்தைப் புரட்டித் தேதியைச் சரிபார்த்து, வாக்குமூலத்தில் அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் என் சுருக்கொப்பம் இட்டேன். தலையை நிமிர்த்தியபோது அதிகாரி நோட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கொடுத்தேன். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது.

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்றார் மரியநாயகம். அதில் ஒரே ஒரு கேள்வி, எல்லோரிடமும் கேட்கிற கேள்விதானாம். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஆவுடையின் பதிலை அவள் சொன்னபடியே எழுதியிருந்தார், அப்படியே வாசித்தார்.

"எங்க வீட்டுக்காரர் சொல்லித்தான். சனிக்கிழமை அடுப்படியில நின்னு சொல்லுவாரு. எங்க போகணும், யாரைக் கேக்கணும், பேரு குடுக்க வேண்டாம், மொதல்ல பதிவு மட்டும் செய்யும், நாம சரின்னா ஆளைக் கூப்பிடும், எல்லாம் அவர் சொன்னதுதான். எனக்கு வெளங்குத மாதிரி நல்லாச் சொல்லுவாரு."

பெரியவர் காத்திருந்தார். அந்தப் பதிலில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.